பிள்ளை பெறச் சொல்லும் அரசே பிள்ளைகளைப் பலிகொடுப்பதா?

2022 ஆகஸ்ட் மாதம் ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதின் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் தாய்க்கு ‘வீரத் தாய்’ பட்டமும் 10 லட்சம் ரூபிள் பரிசும் தரப்படும் என்றது அந்த ஆணை. இரண்டாம் உலகப் போரில் மடிந்தவர்களின் இடத்தை நிரப்புவதற்காக 1944இல் ஸ்டாலின் அரசு கொண்டுவந்து, சோவியத் ஒன்றியத்தோடு மறைந்துபோன பட்டம் அது. அதற்கு மீண்டும் உயிர்கொடுத்த அதே கை, அடுத்த மாதம் 21ஆம் தேதி படைதிரட்டும் ஆணையிலும் கையெழுத்திட்டது. அழைக்கப்படுவோர் 3 லட்சம் பேர் என்று பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார்.

ஒரு தாயிடம் பிள்ளை கேட்டுக்கொண்டே இன்னொரு தாயின் பிள்ளையைக் குண்டுக்கு இரையாக்கும் இந்த ஆட்சிமுறையை வன்மையாகக் கண்டிக்கிறோம். மக்கள்தொகை சுருங்கிவரும் ஒரு பெரிய நாடு, எண்ணெயும் எரிவாயுவும் விற்று வந்த பணத்தைக் கொண்டு தன் ஏழை மாகாணங்களின் ஆண்களை விலைக்கு வாங்கிப் போரில் செலவழிக்கிறது. ஆள் போதாதபோது சிறைகளில் தேடுகிறது, குடியேறிகளிடம் தேடுகிறது, இந்தியா, இலங்கை, நேபாளம் போன்ற நாடுகளின் வறுமையில் வந்து தேடுகிறது. ரஷ்யாவின் உள்விவகாரம் என்று இதை ஒதுக்கிவிட நமக்கு வழியில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பதுங்குகுழிகளில் செத்திருக்கிறார்கள்.

போர்கள் தோண்டிய பள்ளம்

ரஷ்யாவின் மக்கள்தொகைச் சிக்கல் நேற்று முளைத்ததன்று. இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியம் இழந்த உயிர்கள் ஏறத்தாழ 2.7 கோடி. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தந்தையாகியிருக்க வேண்டியவர்கள் இறந்ததால் 1940களில் பிறந்த தலைமுறை மிகச் சிறியதாக இருந்தது. அந்தச் சிறிய தலைமுறை பிள்ளை பெறும் வயதுக்கு வந்த 1960களின் பிற்பகுதியில் பிறப்பு மறுபடி சரிந்தது. கால் நூற்றாண்டுக்கு ஒருமுறை அந்தப் பள்ளம் திரும்பத் திரும்ப எழுந்து வருகிறது. 1945இல் முடிந்த போருக்கு ரஷ்யக் குடும்பங்கள் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது முறை அந்தப் பள்ளம் வந்தபோது பொருளாதாரமும் சேர்ந்து நொறுங்கியது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் ஆலைகள் மூடப்பட்டன. சேமிப்புகள் பணவீக்கத்தில் கரைந்தன. குடியும் விரக்தியும் ஆண்களைக் கொன்றன. 1994இல் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 58 ஆண்டுகளுக்கும் கீழே இறங்கியது. 1987இல் ரஷ்யாவில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 25 லட்சம். 1999இல் பிறந்தவை ஏறத்தாழ 12 லட்சம். பன்னிரண்டே ஆண்டுகளில் பாதியாகச் சுருங்கிய அந்தத் தலைமுறைதான் இன்று இருபதுகளில் இருக்கிறது. ஆலைக்கும் வயலுக்கும் அவர்கள்தான் வேண்டும். அடுத்த தலைமுறையைப் பெற்று வளர்க்கவும் அவர்கள்தான் வேண்டும். படைக்கும் அவர்களே வேண்டும் என்கிறது மாஸ்கோ.

2024இல் ரஷ்யாவில் பிறந்த குழந்தைகள் 12.22 லட்சம். அதுவரையிலான கால் நூற்றாண்டில் அதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை. அதே ஆண்டில் இறந்தவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். பிறப்புக்கும் இறப்புக்கும் இடையே ஒரே ஆண்டில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் பற்றாக்குறை. ஒரு நாடு தன் மக்கள்தொகையைத் தக்கவைக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறக்க வேண்டும்; ரஷ்யாவில் அது 1.4 அளவில் நிற்கிறது. நாட்டின் எதிர்காலத்துக்கே இது பேரழிவு என்று 2024 ஜூலையில் சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். கிரெம்ளினின் செய்தித் தொடர்பாளர் திமித்ரி பெஸ்கோவ்.

நோய் இன்னதென்று தெரிந்த அரசு என்ன செய்திருக்க வேண்டும்? இருக்கும் ஒவ்வோர் இளைஞரையும் பொக்கிஷமாகக் காத்திருக்க வேண்டும். மாறாக, 2022 பிப்ரவரி 24 அன்று அண்டை நாடான உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்தது. படைதிரட்டும் ஆணை வந்ததும் கஜகஸ்தானுக்கும் ஜார்ஜியாவுக்கும் லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டினர். போனவர்களில் படித்த இளைஞர்களும் கணினித் துறையினரும் ஏராளம். போர்முனை ஒரு பக்கம் ஆட்களைத் தின்றது. போர் அச்சம் இன்னொரு பக்கம் ஆட்களைத் துரத்தியது.

இந்த இரண்டையும் நிறுத்தாமல் பெண்களை நோக்கித் திரும்பியது அரசு. பிள்ளை வேண்டாம் என்ற வாழ்க்கைமுறையை ஆதரித்துப் பேசுவதையே தடை செய்யும் சட்டம் 2024 நவம்பரில் கையெழுத்தானது. கருவுற்ற மாணவிகளுக்கு 1 லட்சம் ரூபிள் உதவித்தொகை என்று பல மாகாணங்கள் அறிவித்தன; சில மாகாணங்களில் அது பள்ளி மாணவிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. படிக்க வேண்டிய சிறுமியிடம் பிள்ளை பெறச் சொல்லிப் பணம் நீட்டும் அளவுக்கு ஓர் அரசு இறங்கியிருக்கிறது என்றால், அதை அந்த நிலைக்குத் தள்ளியது எந்த அந்நிய சதியும் அல்ல. அது தானே தொடங்கிய போர்.

2025இல் மாதவாரியான பிறப்பு, இறப்புக் கணக்குகளை வெளியிடுவதையே ரஷ்யப் புள்ளிவிவரத் துறை நிறுத்திக்கொண்டது. மருந்து தேட வேண்டியவர்கள் நோயாளியின் அறிக்கையை ஒளித்துவைக்கிறார்கள்.

உயிருக்கு விலைப்பட்டியல்

2022இன் கட்டாயப் படைதிரட்டல் மக்களிடம் கிளப்பிய கொதிப்பைக் கண்ட கிரெம்ளின், அதன்பின் வேறு வழியைப் பிடித்தது. கட்டாயத்தின் இடத்துக்குப் பணம் வந்தது. நம் வாசகர்களின் வசதிக்காக ஒன்றைச் சொல்லிவிடலாம்: ஒரு ரூபிள் ஏறத்தாழ நமது ஒரு ரூபாய்க்குச் சமம். படையில் சேர ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோருக்கு மத்திய அரசு தரும் தொகை 2024 ஜூலை இறுதியில் 1.95 லட்சத்திலிருந்து 4 லட்சம் ரூபிளாக உயர்த்தப்பட்டது. இதற்கு மேல் மாகாணங்களும் தம் பங்கைச் சேர்த்தன. மாஸ்கோ நகர நிர்வாகம் 19 லட்சம் ரூபிள் அறிவித்தது. முதல் ஆண்டு வருமானம் எல்லாம் சேர்த்து 52 லட்சத்தை எட்டும் என்று விளம்பரம் செய்தது. போர்முனையில் மாதச் சம்பளம் 2 லட்சத்துக்கும் மேல். 2024 டிசம்பர் முதல் ஒப்பந்தம் போடுவோருக்கு 1 கோடி ரூபிள் வரையிலான வாராக்கடனைத் தள்ளுபடி செய்யச் சட்டமே வந்தது. இறந்தால் குடும்பத்துக்கு அதிபரின் ஆணைப்படி 50 லட்சம். காப்பீட்டுத் தொகை தனி.

இந்த ஏற்பாட்டுக்கு ரஷ்யப் பொருளியல் அறிஞர் விளாதிஸ்லாவ் இனோசெம்த்சேவ் ‘மரணப் பொருளாதாரம்’ என்று பெயர் வைத்தார். பின்தங்கிய மாகாணத்தைச் சேர்ந்த ஓர் ஆண் ஓராண்டு போரிட்டு இறந்தால், அவர் ஓய்வு வயது வரை உழைத்து ஈட்டக்கூடியதைவிட அதிகப் பணம் குடும்பத்துக்குக் கிடைக்கிறது என்பது அவர் போட்ட கணக்கு. உயிரோடு இருக்கும் குடிமகனுக்கு நல்ல வேலையும் நல்ல மருத்துவமும் தர முடியாத அரசு, பிணத்துக்கு மட்டும் நல்ல விலை தருகிறது. இதைவிடக் கொடிய குற்றப்பத்திரிகை ஓர் அரசின் மீது வேறு யார் எழுத முடியும்?

இந்த விலைக்கு விற்பனையாகிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ரஷ்யச் சுயாதீன ஊடகமான மீடியாசோனாவும் பிபிசியின் ரஷ்யச் சேவையும் இரங்கல் அறிவிப்புகள், கல்லறைகள், உள்ளூர்ச் செய்திகள் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு பெயராக உறுதிசெய்து பட்டியல் தயாரித்து வருகின்றன. 2025இல் அந்தப் பட்டியல் 1 லட்சம் பெயர்களைத் தாண்டியது. உறுதிசெய்ய முடிந்தவர்கள் மட்டுமே இத்தனை பேர். உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகம். எண்ணிக்கையில் முன்னிற்கும் மாகாணங்களில் முதலிடம் பாஷ்கிர்தோஸ்தானுக்கு. மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால், மங்கோலிய எல்லையை ஒட்டிய துவாவும் புரியாத்தியாவும் மிகக் கடுமையாக அடிபட்டிருக்கின்றன. நாட்டிலேயே வருமானம் குறைந்த பகுதிகளில் சேர்ந்தவை அவை; சிறுபான்மை இனத்தார் வாழும் பகுதிகள். 1.3 கோடி மக்கள் வாழும் மாஸ்கோவின் பங்கோ அதன் மக்கள்தொகையோடு ஒப்பிட மிகச் சிறியது. முடிவெடுப்பவர்களின் தெருவுக்குச் சவப்பெட்டி வராதபடி இந்தப் போர் நடத்தப்படுகிறது.

ஆப்கானிஸ்தானில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த போரில் சோவியத் படை இழந்தது ஏறத்தாழ 15,000 பேரை. அந்த இழப்பே ஒரு பேரரசின் மனச்சாட்சியை உலுக்கியது. படைவீரர்களின் தாய்மார்கள் அமைப்பு கட்டித் தெருவுக்கு வந்தார்கள். இன்று அதைவிடப் பல மடங்கு பேர் மாண்டிருக்கிறார்கள். அரசு வாய் திறக்கவில்லை. மொத்த உயிரிழப்பு என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் கடைசியாகச் சொன்ன எண் 5,937. அது சொல்லப்பட்டது 2022 செப்டம்பரில். திரட்டப்பட்ட ஆண்களை வீட்டுக்கு அனுப்பக் கோரி, மாஸ்கோவில் பெயர் தெரியாத வீரனின் நினைவிடத்தில் மனைவிமார் மலர் வைத்தார்கள். அவர்களுடைய இயக்கத்துக்கு 2024இல் ‘அந்நிய முகவர்’ முத்திரை குத்தப்பட்டது. கணவனைத் திருப்பிக் கேட்ட பெண்ணை அந்நிய முகவர் என்று அழைக்கும் அரசுக்குக் குடும்ப மதிப்பீடுகளைப் பற்றிப் பேசத் தகுதியில்லை.

சிறையிலிருந்து மதுரை வரை

பணத்தாலும் நிரப்ப முடியாத இடத்தை நிரப்ப எடுத்த வழிகள் இன்னும் கேவலமானவை. 2022இல் வாக்னர் கூலிப்படைத் தலைவர் யெவ்கெனி பிரிகோஷின் சிறை சிறையாகச் சென்று, ஆறு மாதம் போரிட்டால் விடுதலை என்று வாக்களித்து ஆள் எடுத்தார். 50,000 கைதிகளைச் சேர்த்ததாகவும், பாக்முத் என்ற ஒரே நகரத்துக்கான சண்டையில் தன் ஆட்கள் 20,000 பேர் இறந்ததாகவும், அவர்களில் பாதிப்பேர் கைதிகள் என்றும் 2023 மே மாதம் அவரே ஒப்புக்கொண்டார். வாக்னர் ஒழிந்தாலும் வழக்கம் ஒழியவில்லை. சிறையிலிருந்து ஆள் எடுக்கும் வேலையைப் பாதுகாப்பு அமைச்சகமே ஏற்று நடத்துகிறது.

அடுத்த இலக்கு குடியேறிகள். உழைப்பாளர் தட்டுப்பாட்டால் தவிக்கும் ரஷ்யாவின் கட்டடங்களையும் சாலைகளையும் எழுப்புவோர் மத்திய ஆசியாவிலிருந்து வந்த தாஜிக்குகளும் உஸ்பெக்குகளும் கிர்கிஸ்களும். 2024 மார்ச்சில் மாஸ்கோவை ஒட்டிய க்ரோகஸ் அரங்கில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் அவர்கள் மீது சோதனைகளும் நாடுகடத்தலும் கூடின. குடியுரிமை பெற்றவர்களைத் தேடிப் பிடித்து, 10,000 பேரைப் போர்ப் பகுதிக்கு அனுப்பியிருப்பதாக விசாரணைக் குழுத் தலைவர் அலெக்சாந்தர் பாஸ்திரிகின் 2024இல் பெருமையாக அறிவித்தார். ஆள் இல்லை என்று அழும் நாடு, தேடிவந்த உழைப்பாளியை விரட்டுகிறது. விரட்ட முடியாதவனைப் போருக்கு அனுப்புகிறது.

பிறகு அயல்நாட்டார். வடகொரியா 10,000க்கும் மேற்பட்ட படையினரை அனுப்பியது. தாதர்ஸ்தானின் அலபுகா தொழில் மண்டலத்தில் ட்ரோன்களைப் பொருத்தும் வேலையில், படிப்பும் பயிற்சியும் தருவதாகச் சொல்லி அழைத்துவரப்பட்ட ஆப்பிரிக்க இளம்பெண்கள் ஈடுபடுத்தப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. தன் நாட்டவர் வேலைக்காக ரஷ்யா செல்வதை நேபாளம் 2024 ஜனவரியில் நிறுத்தியது. இலங்கையிலிருந்து 554 பேர் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதாகவும் 59 பேர் இறந்துவிட்டதாகவும் 2025 பிப்ரவரியில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் விஜித ஹேரத் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். பொருளாதாரம் சரிந்த தீவில், ஓய்வுபெற்ற சிப்பாய்களின் வயிற்றுப்பாடே ஏஜென்டுகளுக்கு வழி திறந்துவிட்டது.

இந்தியாவின் கதையும் அதுதான். உதவியாளர் வேலை, சமையல் வேலை, பாதுகாவலர் வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அங்கே போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, புரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 2024 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை இந்த வலையைத் தேடி நடத்திய சோதனைகளில் டெல்லி, மும்பை, திருவனந்தபுரத்தோடு மதுரையும் சென்னையும் இடம்பெற்றன. 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் சிக்கிய இந்தியர்கள் 126 பேர், இறந்தவர்கள் 12 பேர். அதே ஆண்டு டிசம்பரில் மாநிலங்களவையில் சொன்ன கணக்கு: 202 பேர், இறந்தவர்கள் 26 பேர். இந்தியர்களை விடுவிப்பதாக மாஸ்கோ 2024 ஜூலையில் நம் பிரதமரிடம் உறுதியளித்தது. அதற்குப் பின்னரும் ஆள்சேர்ப்பு தொடர்ந்திருக்கிறது; எண்ணிக்கை கூடியிருக்கிறது. நட்பு நாடு என்று நாம் கொண்டாடும் ஒரு நாடு நமக்குக் கொடுத்த வாக்கின் லட்சணம் இது.

பிறர் பிள்ளைகளைக் கவர்தல்

இந்தப் போருக்கு மக்கள்தொகைப் பசி ஒரு பின்னணி மட்டுமன்று. அது போரின் நடத்தையிலேயே ஊறியிருக்கிறது. 2014இல் கிரீமியாவைச் சேர்த்துக்கொண்டதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரஷ்யாவின் மக்கள்தொகைக் கணக்கில் ஏறினர். 2022க்குப் பின் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து உக்ரைனியக் குழந்தைகள் ரஷ்யாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அநாதைக் குழந்தைகளுக்கு விரைவாக ரஷ்யக் குடியுரிமை தர 2022 மே 30 அன்று அதிபர் ஆணை பிறப்பித்தார். ரஷ்யக் குடும்பங்களில் அந்தக் குழந்தைகள் ஒப்படைக்கப்பட்டனர். கொண்டுசெல்லப்பட்டவர்கள் 19,000க்கும் மேல் என்கிறது உக்ரைன் அரசு. இதற்காகத்தான் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2023 மார்ச் 17 அன்று புதின் மீதும், குழந்தைகள் உரிமை ஆணையராக அவர் நியமித்த மரியா லிவோவா-பெலோவா மீதும் கைது ஆணை பிறப்பித்தது. தன் பிள்ளைகளைப் போரில் இழந்த நாடு பிறர் பிள்ளைகளை எடுத்துக் கணக்கை நேர்செய்ய முயல்வதற்கு எந்த நாகரிகத்திலும் இடமில்லை.

உக்ரைனின் நிலை இன்னும் துயரமானது. 1991இல் 5.2 கோடி மக்களோடு சுதந்திரம் பெற்ற நாடு அது. இன்று ஏறத்தாழ 60 லட்சம் பேர் அகதிகளாக வெளிநாடுகளில் இருக்கிறார்கள். பிறப்பு விகிதம் உலகிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. அங்கும் 1990களில் பிறந்த தலைமுறை சிறியது. அதனால்தான் கட்டாயப் படைச்சேர்ப்பின் குறைந்தபட்ச வயதை 27 என்று வைத்திருந்தது. 2024 ஏப்ரலில் அதையும் 25 ஆகக் குறைக்க வேண்டியதாயிற்று. உக்ரைனில் ஆள் தீரும்வரை தன்னிடம் ஆள் இருந்தால் போதும் என்பதே கிரெம்ளினின் போர்த்தந்திரம். இரண்டு நாடுகளின் இளைஞர்களையும் தராசில் போட்டு, எந்தத் தட்டு முதலில் காலியாகிறது என்று காத்திருக்கும் ஆட்சியாளனைத் தலைவன் என்று அழைக்க நம்மால் முடியாது.

போரை நம்பி வாழும் பொருளாதாரம்

பொருளாதாரத் தடைகளையும் மீறி ரஷ்யா வளர்கிறது என்று நம் ஊர் மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் மெச்சுகிறவர்கள் உண்டு. 2023, 2024 ஆண்டுகளில் அந்நாட்டின் வளர்ச்சி 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது உண்மைதான். அந்த வளர்ச்சி எதில் வந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. டாங்கி செய்தாலும் உற்பத்திக் கணக்கில் ஏறும். அது போர்முனையில் எரிந்துபோனாலும் கணக்கிலிருந்து இறங்காது. நிஷ்னி தாகிலின் டாங்கி ஆலை இரவுபகலாக ஓடுகிறது; உற்பத்திப் புள்ளிவிவரம் உயர்கிறது. அந்த இரும்பால் ஒரு பாலமும் எழவில்லை, ஒரு மருத்துவமனையும் எழவில்லை.

2025 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை 13.5 லட்சம் கோடி ரூபிள். அது நாட்டின் மொத்த உற்பத்தியில் 6.3 சதவீதம், மத்திய அரசுச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2024 மே மாதம் பாதுகாப்பு அமைச்சராக ஆந்த்ரேய் பெலோவுசோவ் என்ற பொருளாதார நிபுணரை அமர்த்தியதே, போர் எப்படி நாட்டின் முதன்மைத் தொழிலாகிவிட்டது என்பதைக் காட்டியது. வேலையின்மை 2.5 சதவீதத்துக்கும் கீழே போனது. செழிப்பால் வந்த குறைவன்று அது. ஆள் போர்முனையிலும் ஆயுத ஆலையிலும் அடைபட்டதால் வந்தது. பயன்படுத்தாத உழைப்பும் உற்பத்தித் திறனும் தீர்ந்துவிட்டன என்று மத்திய வங்கித் தலைவர் எல்விரா நபியுல்லினாவே பலமுறை எச்சரித்தார். ஆள் தட்டுப்பாடு கூலியை ஏற்றியது. கூலியும் போர்ச்செலவும் விலைவாசியை ஏற்றின. அதை அடக்க 2024 அக்டோபரில் வட்டி விகிதம் 21 சதவீதமாக்கப்பட்டது. அந்த வட்டியில் கடன் வாங்கி எந்தச் சிறுதொழில் பிழைக்கும்? எந்த இளம் தம்பதி வீடு வாங்கி, நம்பிக்கையோடு பிள்ளை பெறும்?

அவசரகாலத்துக்காக எண்ணெய்ப் பணத்தில் சேர்த்துவைத்த தேசிய நலநிதியின் எளிதில் எடுக்கக்கூடிய பகுதியில் பெரும்பங்கு கரைந்துவிட்டது. அது முதியோர் ஓய்வூதியத்துக்குத் துணைநிற்க உருவான நிதி. முதியோர் பெருகி உழைப்போர் குறையும் நாட்டில் அந்த நிதியைப் பீரங்கிக் குண்டாக்கிச் சுட்டுத் தீர்த்திருக்கிறார்கள். 2025இல் வளர்ச்சி 1 சதவீத அளவுக்கு விழுந்தது. 2026 ஜனவரி முதல் மதிப்புக்கூட்டு வரி 20இலிருந்து 22 சதவீதமாயிற்று. போருக்கான சுமை கடைசியில் கடையில் பொருள் வாங்கும் ஏழையின் தலையில்தான் இறங்கியிருக்கிறது.

இதில் மிகப் பெரிய ஆபத்து வேறொன்று. போர் நின்றால் ஆயுத ஆலைகளின் வேலை குறையும்; பின்தங்கிய மாகாணங்களுக்குப் போகும் ஒப்பந்தப் பணம் நிற்கும்; ஆறாத காயங்களோடு லட்சக்கணக்கானோர் ஊர் திரும்புவார்கள். போரைத் தொடர்வதைவிட நிறுத்துவதற்கு அஞ்சும் நிலைக்குத் தன் பொருளாதாரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது இந்த அரசு. அந்த அச்சத்தை வெல்லச் சமாதானத்தின் முதல் நாள் வரை காத்திருக்கலாகாது. இன்றே திட்டமிட வேண்டும்.

இந்தப் போருக்கு வக்காலத்து வாங்குவோர், நேட்டோ விரிவாக்கம் ரஷ்யாவை நெருக்கியது என்பார்கள். அந்த விரிவாக்கத்தைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் உக்ரைன் தன் மண்ணிலிருந்த அணு ஆயுதங்களை ஒப்படைத்தபோது, அதன் எல்லைகளை மதிப்பதாக 1994இல் புடாபெஸ்ட்டில் கையெழுத்திட்ட நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. அமெரிக்கா ஈராக்கில் செய்யாததா என்பார்கள். 2003இல் ஈராக்கின் மீது நடந்த படையெடுப்பு அநீதி. அந்த அநீதி இந்த அநீதிக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. தாமாகப் பணத்துக்குச் சேர்கிறார்கள், இதில் கட்டாயம் எங்கே என்றும் கேட்பார்கள். கடனும் வறுமையும் கழுத்தை நெரிக்கும் ஊரில், தப்பிக்க ஒரே கதவைத் திறந்துவைத்து அதன் மறுபுறம் போர்முனையை வைப்பதும் கட்டாயம்தான்.

புது டெல்லியும் திருந்த வேண்டும்

இந்திய அரசின் மீதும் நமக்குக் குறை உண்டு. 2022 மார்ச் 2 அன்று படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் வாக்களித்தபோது விலகி நின்ற 35 நாடுகளில் இந்தியாவும் ஒன்று, இலங்கையும் ஒன்று. இது போருக்கான காலமன்று என்று 2022 செப்டம்பர் 16 அன்று சமர்கந்தில் பிரதமர் மோடி புதினிடம் நேரில் சொன்னார். சொன்ன ஐந்தாவது நாள் படைதிரட்டும் ஆணை வந்தது. அந்த அறிவுரைக்கு மாஸ்கோ கொடுத்த மதிப்பு அவ்வளவுதான்.

போருக்கு முன் இந்தியாவின் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே. 2024இல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. மலிவான எண்ணெய் வளரும் நாட்டுக்குத் தேவை என்ற வாதத்தை நாம் அறிவோம். ஆனால் ரஷ்ய அரசின் வருவாயில் எண்ணெயும் எரிவாயுவும் 2024இல் ஏறத்தாழ 30 சதவீதம். அந்தக் கருவூலத்திலிருந்துதான் ஒப்பந்தப் பணம் போகிறது; அந்த ஒப்பந்தத்தில்தான் நம் இளைஞர்களும் சிக்கினார்கள். ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த கூடுதல் வரியின் அடி திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளியின் மீது விழுந்தது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளரான இந்தியா, தன் குடிமக்களின் உயிரைத் திருப்பித் தரும்படி மாஸ்கோவிடம் கெஞ்ச வேண்டிய தேவை இல்லை. உரத்துக் கேட்கலாம். கேட்கத் தயங்குவதே தவறு.

நமது கோரிக்கைகள்

ரஷ்ய அரசு உடனடியாகத் தாக்குதலை நிறுத்தி, ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து படைகளைத் திரும்பப் பெற வேண்டும். கொண்டுசென்ற உக்ரைனியக் குழந்தைகள் ஒவ்வொருவரையும் பன்னாட்டுக் கண்காணிப்பில் அவர்களுடைய குடும்பத்திடமும் நாட்டிடமும் சேர்க்க வேண்டும். இறந்த வீரர்களின் முழு எண்ணிக்கையை மாகாணவாரியாக வெளியிட வேண்டும். பிறப்பு, இறப்புப் புள்ளிவிவரங்களை மறைப்பதைக் கைவிட வேண்டும். 2022இல் திரட்டிக் காலவரையின்றிப் பிடித்துவைத்திருப்போரை ஊருக்கு அனுப்ப வேண்டும். சிறைக்கைதிகளையும் குடியேறிகளையும் வெளிநாட்டவரையும் படைக்குச் சேர்ப்பதைச் சட்டப்படி தடை செய்ய வேண்டும்.

இந்திய அரசு, ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டவர்களில் எத்தனை பேர் திரும்பினர், எத்தனை பேர் இறந்தனர், எத்தனை பேரைக் காணவில்லை என்ற கணக்கை மாநிலவாரியாக நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் வைக்க வேண்டும். இறந்தவர்களின் உடல்களைக் கொண்டுவரும் செலவையும் குடும்பத்துக்கான இழப்பீட்டையும் மாஸ்கோவிடமிருந்து பெற்றுத்தர வேண்டும். ஆள்பிடித்த ஏஜென்டுகள் மீதான வழக்குகளை விரைந்து முடித்துத் தண்டனை வாங்கித்தர வேண்டும். இந்தியர்களைச் சேர்க்கும் ஒவ்வொரு ஒப்பந்தமும் செல்லாது என்று ரஷ்யா எழுத்தில் உறுதியளிக்காதவரை, இரு நாட்டு உச்சி மாநாடுகளின் நிகழ்ச்சிநிரலில் இதுவே முதல் பொருளாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெறாத முகவர்களை மாவட்டந்தோறும் கண்டறிந்து மூட வேண்டும்.

ஒரு நாட்டின் மக்கள்தொகை அதன் ஆட்சியாளர் எடுத்துச் செலவழிக்கும் இருப்பு அன்று. எண்ணெய் இருக்கும்வரை ஆள் வாங்கலாம், ஆள் இருக்கும்வரை போர் நடத்தலாம் என்று நினைப்பவர்களிடம் எண்ணெயும் தீரும், ஆளும் தீர்வார்கள். அதுவரை எத்தனை ஆயிரம் பேர் சாக வேண்டும் என்பது மட்டுமே இன்று மாஸ்கோவின் கையில் இருக்கும் முடிவு. அந்த முடிவை இன்றே எடுக்கும்படி கேட்கிறோம். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு மௌனம் காக்கும் புது டெல்லி, இனி ரஷ்யாவிலிருந்து வரும் ஒவ்வொரு இந்தியரின் சடலத்துக்கும் தன் மக்களிடம் பதில் சொல்லியாக வேண்டும்.